விற்ற பின் வரும் வருத்தம்: செஞ்சிச் சமணரும் பொருள் வரைதலும்

செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. இளையபடாரர் 30 நாள் நோன்பிருந்ததை அதே குன்றின் இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. எழுத்தியல் அறிஞர்கள் முதற்கல்வெட்டை அதன் ‘ஐ’ எழுத்துக்காகப் படிக்கிறார்கள். என் கண் படிவது அந்த எண்களின் மேல். நோன்பு அங்கே நாள்கணக்கோடு பதிவாகியிருக்கிறது. துறவிக்கு நாள் எண்ணப்பட்டது என்றால் இல்லறத்தார் எதை எண்ணினார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சமண அறத்தையும் பிழைப்புத் தொழிலையும் சேர்த்துப் பேசும் ஆய்வுகளில் ஒரு முடிவு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப வருகிறது. உழுதால் மண்ணில் உள்ள உயிர் சாகும், ஆகவே கொல்லாமை ஏரை விலக்கித் தராசைக் கையில் கொடுத்தது என்பது அது. மேற்கிந்திய வணிகரை முன்வைத்து எழுந்த இந்த முடிவில், செஞ்சி வட்டாரத்தின் மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்து வாழும் தமிழ்ச் சமணரான நயினார்கள் விதிவிலக்காகிவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். 1478இல் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி சமணரை வெட்டச் சொன்னதாகவும், அஞ்சியவர்கள் திருநீறு பூசிச் சைவரானதாகவும் ஒரு கதை தென்னார்க்காட்டு கெசட்டியர் வழியாகப் பரவியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, வணிகராய் இருந்தவர்களே துன்பத்தால் கலப்பைக்கு வந்தார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதம் நிற்காது. கதையில் தொழில் மாறியதாக ஒரு சொல்கூட இல்லை. 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் எழுதிய ஆதிபுராணமோ, ரிஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களில் உழவையும் வணிகத்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது.

ஆகவே, கொள்கையும் தொழிலும் பொருந்துவது எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் என்ற எண்ணத்தையே நான் ஐயுறுகிறேன். இதற்கு நான் நம்பியிருக்கும் சான்று சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரம். 150 செய்யுள்களில் இல்லறத்தார் ஒழுக்கத்தைச் சொல்லும் நூல் அது. தமிழில் அதைத் தழுவியே அருங்கலச்செப்பு எழுந்தது. ஆகவே இந்த நூலை நம் வட்டாரத்துக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை.

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து நோன்புகளான அணுவிரதங்களில் ஐந்தாவது பொருள் வரைதல். இவ்வளவு நிலம், இவ்வளவு தானியம், இவ்வளவு பொன் போதும் என்று இல்லறத்தார் தாமே ஓர் எல்லை கட்டிக்கொள்வது. அளவை நூல் விதிப்பதில்லை, நோன்பு ஏற்பவரே வைத்துக்கொள்கிறார். இந்த நோன்பு எங்கெங்கே வழுவும் என்று சமந்தபத்திரர் ஐந்து இடங்களைச் சொல்கிறார்: அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம். அளவுக்கு மீறி ஓட்டுவது, அளவுக்கு மீறிச் சேர்த்து வைப்பது, பேராசை, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது ஆகிய நான்கும் வெளிப்படை. நடுவில் நிற்கும் விஸ்மயம்தான் சிக்கல்.

விஸ்மயம் என்றால் வியப்பு. பிறர் செல்வத்தைப் பார்த்து வாய்பிளப்பது, அதாவது பொறாமை, என்று பொருள் கொள்வோர் உண்டு. அகராதி இதற்கு இடம் கொடுக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் உரைகாரர் பிரபாசந்திரர் வேறு வழியில் போகிறார். ஒருவர் எதிர்பார்த்த லாபத்துக்குச் சரக்கை விற்றுவிட்டார். அல்லது அதை வாங்கிச் சேர்க்கவே இல்லை. பிறகு அந்தச் சரக்குக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. அதைக் கண்டு அவர் படும் மனவருத்தமே விஸ்மயம் என்கிறார்.

எனக்கு உரைகாரர் பக்கமே சரியாகப் படுகிறது. காரணம், மற்ற நான்கையும் அவர் விளக்கும் விதம். மாடுகள் எவ்வளவு தூரம் சுகமாக நடக்குமோ அதற்கு மேல் ஓட்டுவது அதிவாகனம். பின்னால் நல்ல லாபம் தரும் என்று தானியத்தை மிகுதியாகக் குவிப்பது அதிசங்கிரகம். நல்ல விலை கிடைத்த பின்னும் இன்னும் வேண்டும் என்பது லோபம். ஐந்தும் ஒரே மூட்டை தானியத்தைச் சுற்றி நிகழ்கின்றன: களத்திலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து விற்றவர் மனத்துக்கு. இந்தச் சங்கிலியில் பொதுவான பொறாமைக்கு இடமில்லை. பாரம் ஏற்றுவது கடைசியில் வருகிறதே, வரிசை பிறழ்கிறதே என்று கேட்டால், அது யாப்பின் தேவை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதிகப் பாரம் ஏற்றுவதைச் சமந்தபத்திரர் முன்பே, கொல்லாமை நோன்பின் வழுக்களிலும் சொல்லிவிட்டார். ஒரே குற்றத்தை இருமுறை எண்ணும் நூலில் நுட்பத்தைத் தேடலாமா? தேடலாம், தேடியே ஆக வேண்டும் என்பேன். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் பாரம் ஏற்றுவதைக் கொல்லாமையின் கீழ் மட்டுமே வைக்கிறது. பொருள் வரைதலில் அது நிலம், வீடு, பொன், தானியம் என்று சொத்தின் பட்டியலைத் தருகிறது. அந்தப் பட்டியல் நிலத்தில் தொடங்குவதையும் கவனிக்க வேண்டும். சமந்தபத்திரர் சொத்துப் பட்டியலை எடுத்துவிட்டு அங்கே செயல்களை வைத்திருக்கிறார். மாட்டின் முதுகில் ஏறும் கூடுதல் மூட்டை ஒரு பக்கம் கொடுமை, மறுபக்கம் கணக்கு. கொடுமையைக் கொடுமையாக மட்டும் கண்டித்தால் அதைச் செய்யவைத்த லாபக் கணக்கு தப்பிவிடும். இரண்டு இடத்திலும் அவர் அதைச் சொன்னது இதனால்தான் என்று கருதுகிறேன்.

இப்படிப் படித்தால் ஏரா தராசா என்ற பழைய கேள்வி பின்னுக்குப் போகிறது. உழவரும் வணிகரும் அந்த ஐந்து இடங்களையும் கடந்தே ஆகவேண்டும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் கொண்டுவரும் விவசாயியும் அதை எடுக்கும் வியாபாரியும் இன்று நிற்பதும் அங்கேதான். அவற்றில் சிலவற்றை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. பதுக்கலுக்கு 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் இருக்கிறது. வண்டிமாட்டின் பாரத்துக்கும் வேலை நேரத்துக்கும் 1965ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. விஸ்மயத்துக்குச் சட்டம் இல்லை, இருக்கவும் முடியாது. நேற்று விற்ற நெல்லுக்கு இன்று விலை ஏறியதும் உள்ளே எழும் கசப்பை எந்த அதிகாரி அளப்பார்? அடுத்த போகத்தில் பதுக்க வைப்பதும் பாரத்தைக் கூட்ட வைப்பதும் அந்தக் கசப்புதான். அந்தச் சொல் ஐந்துக்கும் நடுவில் நிற்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவில், பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல வரவில்லை. ஆனால் அது லாபம் வந்த பிறகு போடும் கணக்கு. எப்படி வந்தது என்பதை அந்தப் பிரிவு கேட்பதில்லை. பொருள் வரைதலில் எண் முதலில் வருகிறது, வியாபாரம் அதற்குப் பிறகு. தன் கொள்கைக்கு ஏற்ப ஒரு தொழிலை நடத்த விரும்புகிறவர் லாபத்தில் எவ்வளவு கொடுப்பது என்று கேட்கும் முன், எந்த விலையில் விற்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போவது என்று தீர்மானித்திருக்க வேண்டும்.

துறவிக்குச் சொன்னதை முதல் போட்டவருக்குச் சொல்கிறேன் என்று சிலர் கூறக்கூடும். நூலின் பெயரிலேயே சிராவகர் இருக்கிறார், அவர் இல்லறத்தார். சந்திரநந்தியின் 57 நாளைப் பிறர் எண்ணிக் கல்லில் வெட்டினார்கள். நெல் விற்கும் நயினாரின் எண் அவர் தாமே வைத்துக்கொண்டது. அதை விற்பனைக்கூடத்தின் எடைச்சீட்டில் தேடினால் கிடைக்காது.