செக்ரோலும் நோய்க் காப்பும்

"நோய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், வராத நோய்க்கு வருடந்தோறும் பணம் கட்டுவானேன்?" என்று கேட்பவர் நம்மவருள் பலர். "இது காப்பு அன்று, வேறு பெயர் பூண்டு வந்த வரி" என்று சலித்துக்கொள்பவர் சிலர். சிங்கப்பூரில் மெடிஷீல்டு லைஃப் என்னும் நோய்க் காப்புத் திட்டம், 2015ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று, குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் விருப்பம் கேளாமலே தன்னுள் சேர்த்துக்கொண்டது. இக்கட்டாயம் தகுமா, தகாதா? திட்டத்தின் விதிகளை மட்டும் படித்து இதற்கு விடை காண முயல்வோர் பாதி வழியிலேயே நின்றுவிடுவர். நம் பாட்டன்மார் இந்நாட்டுக்கு வந்த கதையையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும்.

நாம் ஜொகூர்த் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவர். ஆங்கிலப் பள்ளியில் படித்த படிப்பெல்லாம் இன்று செக்ரோல் எழுதுவதற்கே பயன்படுகிறது என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. ஆனால் செக்ரோல் எளிய பொருள் அன்று. காலைப் பெரட்டில் பெயர் விழுந்தவனுக்கு அன்றைய கூலி உண்டு, விழாதவனுக்கு இல்லை. காய்ச்சலில் லயத்தில் படுத்துக் கிடப்பவனுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, நூறாண்டுகளுக்கு மேலாக அந்த ஏட்டின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

மலாயாவில் ரப்பர் பயிர் பெருகிய காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவதில் ஒரு தொல்லை எழுந்தது. ஒரு துரை கங்காணிக்குப் பணம் கொடுத்துக் கப்பற் கட்டணமும் செலுத்தி ஆட்களை வரவழைப்பார். பக்கத்துத் தோட்டத்துத் துரையோ ஒரு காசும் செலவிடாமல், ஒரு காசு கூலி கூட்டித் தருவதாகச் சொல்லி அவ்வாட்களை இழுத்துக்கொள்வார். செலவிட்டவர் ஏமாளி ஆனார்; சும்மா இருந்தவர் சுகமடைந்தார். இதை நிறுத்தவே 1907இல் குடிநுழைவு நிதி ஒன்று சட்டத்தால் ஏற்பட்டது. முதலில் தமிழர் குடிநுழைவு நிதி என்றும், பின்னர் இந்தியர் குடிநுழைவு நிதி என்றும் அது பெயர் பெற்றது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள், தாமே ஆள் வரவழைத்தாலும் வரவழைக்காவிட்டாலும், தம்மிடம் ஆட்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு அந்நிதிக்குப் பணம் செலுத்தவேண்டியதாயிற்று. அந்த நாட்கணக்குக்கு ஆதாரம் கிராணி எழுதிய செக்ரோல்தான். அப்பணத்திலிருந்து கப்பற் கட்டணமும், கரையிறங்குவோரைத் தனியே வைத்துச் சோதிக்கும் முகாம்களின் செலவும், வேலை செய்ய இயலாதவரை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் நடந்தன.

இந்நிதி துரைமார் நலத்துக்காகவே பிறந்தது, தர்மத்துக்காக அன்று. இதை மறைத்துப் பேசுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆயினும் அதனுள் ஒரு கணக்கு இருந்தது: பயன் பெறுவோர் எல்லோரும் செலுத்தினாலன்றிப் பொதுநிதி நில்லாது, விருப்பமுள்ளவர் மட்டும் செலுத்துக என்று விட்டுவிட்டால், செலுத்துபவர் ஒருவர், பயனடைபவர் மற்றொருவர் என்றாகும்.

1912இல் மலாய்க் கூட்டு மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்வதைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிற்று. ஆனால் தண்டனை யாருக்கு என்பதைப் பாருங்கள். வேலைக்கு வராத கூலியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பும் பழக்கம், 1920களின் தொடக்கம் வரை சட்டத்தின் துணையோடு நடந்தது. தண்டனைச் சட்டம் அப்போது ஏழையின் முதுகைத்தான் அறிந்திருந்தது.

நகரத்து ஏழைக்கோ தோட்டத்து ஆஸ்பத்திரியும் இல்லை. செல்வர் மனமிரங்கினால் மருத்துவம் உண்டு. டான் டோக் செங் என்னும் சீன வணிகரின் கொடையால் 1844இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஏழையர் மருத்துவமனை அவ்வாறு எழுந்ததே. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924இல் மகப்பேற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. தேக்கா வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் அங்குப் பிறந்தோர் எத்தனையோ பேர்.

நிற்க. மத்திய சேமநிதி 1955ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கிற்று. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளி 5 என்பது அன்றைய கணக்கு. 1984இல் அச்சேமநிதியிலிருந்து சம்பளத்தில் நூற்றுக்கு 6 பங்கு, மெடிசேவ் என்னும் மருத்துவக் கணக்கில் ஒதுக்கப்பட்டது. இது அவரவர் உண்டியல். பெரும் நோய் வந்தால் உண்டியல் உடைந்து போகும். ஆகவே 1990இல் மெடிஷீல்டு என்னும் பொதுக் காப்பு வந்தது. அதில் இரு குறைகள் இருந்தன. வேண்டாமென்பவர் விலகிக்கொள்ளலாம், முன்னரே கடும் நோயுள்ளவருக்கு அந்நோய்க்குக் காப்பு இல்லை. வயது முதிர்ந்தால் காப்பு நின்றுவிடுவதும் உண்டு. எவருக்கு மிகுதியாக வேண்டுமோ அவருக்கே இல்லை என்றாயிற்று.

தோட்டங்களில் மரண சகாய நிதி நடத்தியவருக்கு இது எளிதில் விளங்கும். கிழவர் மட்டும் சந்தா கட்டி, இளைஞர் விலகி நின்றால், மூன்றாம் சாவிலேயே நிதி காலியாகும். நோயாளரையும் சேர்க்கவேண்டுமாயின், நலமாயிருப்பவர் வெளியேற வழி இருத்தல் கூடாது. 2015இன் கட்டாயத்துக்குக் காரணம் இதுவே. 1907இல் துரைமார் கண்டுகொண்ட கணக்கை, மக்களுக்காக மாற்றி எழுத நூற்றெட்டு ஆண்டுகள் ஆயின!

விதிகள் வருமாறு. கடும் நோய் முன்னரே இருந்தவரும் சேர்க்கப்படுவர். அவர் பத்தாண்டுகள் மட்டும் சந்தாவில் நூற்றுக்கு 30 கூடுதலாகச் செலுத்தவேண்டும். சந்தாவை மெடிசேவ் கணக்கிலிருந்தே செலுத்தலாம். தொடங்கிய காலத்தில், வீட்டிலுள்ளோர் தலைக்கு மாத வருமானம் 2,600 வெள்ளிக்கு மேற்படாத குடும்பங்களுக்கு, வருமானமும் வயதும் நோக்கி, சந்தாவில் நூற்றுக்கு 15 முதல் 50 வரை அரசாங்க மானியம் கிடைத்தது. வருமானம் ஒன்றே போதாது. குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பும் பார்க்கப்படும். நிரந்தரவாசிக்கு மானியம் பாதி. 1949ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ பிறந்த முன்னோடித் தலைமுறையினர்க்கு நூற்றுக்கு 40 முதல் 60 வரை தனி மானியம்.

தண்டனையும் உண்டு. வேண்டுமென்றே செலுத்தாமல் ஏய்ப்பவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் செலுத்த வகையற்றவருடைய பெயர் ஏட்டிலிருந்து அடிக்கப்படுவதில்லை. மானியமும் மெடிசேவும் போதாதவர்க்கு அரசாங்கம் மேலும் உதவுகிறது. நம் மதிப்பில் இச்சட்டத்தின் சிறந்த பகுதி இதுதான்.

எல்லா நாடுகளும் இவ்வாறு செய்யவில்லை. பிரிட்டனில் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண் தொழிலாளி வாரம் நான்கு பென்ஸ், முதலாளி மூன்று, அரசாங்கம் இரண்டு செலுத்தினர். எனினும் மருத்துவரைப் பார்க்கும் உரிமை தொழிலாளிக்கே, அவன் மனைவி மக்களுக்கு இல்லை. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், காப்பில் சேராதவர்க்கு 2014 முதல் அபராதம் போட்டது. அபராதம் கட்டிவிட்டு வெளியே நிற்பவரை அது தடுக்கவில்லை. அந்த அபராதமும் 2019 முதல் பூஜ்யமாயிற்று.

இவ்வளவு சொல்லியபின், தேக்காவில் ஞாயிறுதோறும் கூடும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களை மறப்பது எப்படி? கட்டடமும் கப்பல் தளமும் அவர்கள் கைவண்ணம். மெடிஷீல்டு லைஃபில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுக்கு முதலாளியே காப்பு வாங்கவேண்டும் என்ற விதி 2008இல் வந்தது. குறைந்த காப்புத் தொகை 2010இல் 15,000 வெள்ளியாகவும், 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் 60,000 வெள்ளியாகவும் உயர்ந்தது. 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட செலவில் நான்கில் ஒரு பங்கை முதலாளி ஏற்கவேண்டும். வேலை அனுமதிச் சீட்டுடன் வந்தவரிடம் காப்புச் சந்தாவை வசூலிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. இவை நல்ல விதிகளே. ஆயினும் பழைய செக்ரோல் முறையை இவை விட்டுவிடவில்லை: வேலை உள்ளவரை காப்பு, பெயரைப் பதிபவர் முதலாளி.

அண்மையில் பஃபலோ ரோட்டில் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவரைச் சந்தித்தோம். மூன்று வாரமாக வயிற்று நோவு; மருத்துவரிடம் போகவில்லை. "போனா சம்பளத்துல புடிச்சிருவாகண்ணே. இன்சூரன்சுக்கே மாசாமாசம் புடிக்கிறாக" என்றார். கைப்பேசியில் வைத்திருந்த ஆங்கிலத் தாளைக் காட்டினார். அவர் பெயரும் காப்புத் தொகையும் அதில் தெளிவாக இருந்தன. "தம்பி, காப்பு இருக்கிறது. அதற்கு உம்மிடம் பிடித்த பணம் சட்ட விரோதம். மனிதவள அமைச்சில் புகார் செய்யலாம்" என்று விளக்கினோம்.

நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "புகார் பண்ணினா பெர்மிட்டை வெட்டி ஊருக்கு அனுப்பிருவாகளாண்ணே?" என்று கேட்டார்.

புகாரைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் வைத்தியம் என்று சொல்லி, சிராங்கூன் சாலையில் திறந்திருந்த மருந்தகமொன்றுக்கு அவரை அழைத்துச் சென்றோம். பதிவு செய்யும் பெண் அட்டையை வாங்கிப் பெயரை எழுதிக்கொண்டார்.