செல்வக் கழகங்களும் சமநிலைப் போட்டியும்

ஆடுகளத்தில் இரு கட்சிகள் எதிர்நிற்கும்போது, வெற்றி எவர் பக்கம் என்பது ஆட்டம் முடியும்வரை ஒருவருக்கும் தெரிதல் கூடாது. அந்த ஐயப்பாடே விளையாட்டின் உயிர். முடிவு முன்னதாகவே பணப்பெட்டிக்குள் எழுதப்பட்டுவிடுமாயின் ஆடுவோருக்கு ஊக்கமில்லை, பார்ப்போருக்கு இன்பமுமில்லை. அமெரிக்க மக்கள் தம் தேசிய விளையாட்டாகப் போற்றும் பேஸ்போல், ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக இச்சிக்கலோடு போராடி வந்திருக்கிறது. செல்வம் மிக்க கழகங்கள் சிறந்த ஆட்டக்காரரை விலைகொடுத்துச் சேர்த்துக்கொள்வதால் நேர்மையான போட்டி அழிகின்றதா என்பதே கேள்வி.

கிரிக்கெட்டைப் போலப் பேஸ்போலும் பந்தும் மட்டையும் கொண்டு ஆடப்படுவது. அதன் கழகங்களோ தனியார் உடைமைகள். பெருநகரக் கழகத்துக்குப் பார்வையாளர் மிகுதி. எனவே வருவாயும் மிகுதி. சிறுநகரக் கழகத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. தேசிய லீக் 1876 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மூன்றாண்டுகள் கழிந்தபின், 1879 இல், உரிமையாளர்கள் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஒவ்வொரு கழகமும் ஐந்து ஆட்டக்காரரைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். பிற கழகங்கள் அவர்களை அழைத்தல் ஆகாது. காலப்போக்கில் இவ்விதி எல்லா ஆட்டக்காரருக்கும் விரிந்தது. ஆட்டக்காரரைக் கழகத்தோடு பிணைத்தமையால் இதனைப் பிணைப்பு விதி எனலாம். இவ்விதி இல்லையேல் செல்வக் கழகங்கள் நல்லவர் அனைவரையும் கவர்ந்துவிடும் என்று உரிமையாளர்கள் வாதிட்டனர்.

அவ்வாதம் எத்துணை உண்மை? பிணைப்பு விதி முழு வலுவோடு நிலவிய காலத்திலேதான், 1919 டிசெம்பரில், பொஸ்ரன் ரெட் சொக்ஸ் கழகத்தின் உரிமையாளர் ஹரி பிரேசி, பேப் ரூத் என்னும் ஒப்பற்ற வீரரை நியூயோர்க் யாங்கீஸ் கழகத்துக்கு ஓர் இலட்சம் டொலருக்கு விற்றார். விதி தடுத்தது ஆட்டக்காரர் தாமே வெளியேறுவதை மட்டுமே. உரிமையாளர் அவரை விற்பதையன்று. அதுவரை லீக் வாகையை ஒருமுறையேனும் சூடாத யாங்கீஸ், 1921 முதல் 1964 வரையான 44 ஆண்டுகளில் 29 முறை லீக் வாகையும், 20 முறை உலகத் தொடரும் வென்றது. 1918 இல் வாகை சூடிய பொஸ்ரனோ மீண்டும் அப்பேற்றினை அடைய 2004 வரை காத்திருந்தது.

இந்த உண்மையைப் பொருளியல் அறிஞர் சைமன் ரொட்டன்பேர்க் 1956 ஆம் ஆண்டில் தெளிவுற எடுத்துக்காட்டினார். பிணைப்பு விதி இருப்பினும் இல்லாவிடினும், திறமை தனக்கு உயர்ந்த மதிப்புக் கிடைக்கும் இடத்தையே நாடிச் செல்லும். வேறுபாடு ஒன்றே: விதி இருந்தால் விலை உரிமையாளர் கைக்குப் போகும், இல்லையேல் ஆட்டக்காரர் கைக்குப் போகும். சமநிலையின் பெயரால் ஆட்டக்காரர் தம் உரிமையை இழந்தனர்; சமநிலையோ வந்தபாடில்லை.

1969 இல் சென் லூயிஸ் கழகம், பன்னிரண்டு பருவங்கள் தனக்காக ஆடிய கேட் பிளட் என்பவரைப் பில்லடெல்பியாவுக்கு மாற்றியது. தாம் வாங்கி விற்கப்படும் பொருளல்லர் என்று அவர் மறுத்து வழக்காடினார். 1972 இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனினும் 1975 டிசெம்பரில், மெசர்ஸ்மித், மக்நாலி என்னும் பந்தெறிவாளர் இருவரின் முறையீட்டில், நடுத்தீர்ப்பாளர் பீற்றர் சைற்ஸ் அவர்களுக்கு விடுதலை வழங்கினார். பிணை அறுந்தது.

அடுத்த ஆண்டே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1972 முதல் 1974 வரை மும்முறை தொடர்ந்து உலகத் தொடரை வென்ற ஒக்லண்ட் கழகத்தின் உரிமையாளர் சார்ள்ஸ் பின்லி, தம் வீரர் மூவரை 35 இலட்சம் டொலருக்கு விற்க முனைந்தார். ஒருவரை யாங்கீசும் இருவரைப் பொஸ்ரனும் வாங்கின. பேஸ்போல் ஆணையாளர் போவி கூன், விளையாட்டின் நலனுக்கு இது கேடு என்று கூறி விற்பனையை நீக்கினார். விளைவு யாது? பருவம் முடிந்ததும் மூவரில் இருவர் விடுதலை பெற்று வேறு கழகங்களுக்குச் சென்றனர். ஒக்லண்டுக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. 1977 இல் அது தன் பிரிவில் கடைசி இடத்தில் நின்றது. எளிய கழகத்தைக் காக்க எழுந்த கட்டளை, அக்கழகத்தையே வெறுங்கையோடு நிறுத்தியது.

ஆட்டக்காரரின் விடுதலையால் போட்டி மாண்டுவிடும் என்று அஞ்சியோர் பலர். நடந்ததோ மாறானது. 1978 முதல் 1987 வரை பத்து ஆண்டுகளில் பத்து வெவ்வேறு கழகங்கள் உலகத் தொடரை வென்றன.

இதனால் பணத்துக்கு வலிமை இல்லை என்று கொள்ளுதல் தவறாகும். தொலைக்காட்சி வருவாய் பெருகப் பெருக ஏற்றத்தாழ்வும் பெருகியது. 1994 இல் சம்பளத்துக்கு உச்ச வரம்பு விதிக்க உரிமையாளர்கள் முயன்றனர். ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு உலகத் தொடரே நடைபெறவில்லை. 1996 முதல் 2000 வரை ஐந்து வாகைகளில் நான்கு யாங்கீசுக்கே கிட்டின. அதன்பின் 2002 ஆம் ஆண்டு உடன்படிக்கை, கழகங்களுக்கிடையிலான வருவாய்ப் பகிர்வை வலுப்படுத்தியது. வரம்பு மீறிச் சம்பளம் வழங்கும் கழகங்கள்மீது வரியும் விதித்தது. அதே 2002 இல், ஏறக்குறைய 4 கோடி டொலர் சம்பளம் வழங்கிய ஒக்லண்டும், 12.5 கோடி வழங்கிய யாங்கீசும் ஆளுக்கு 103 ஆட்டங்கள் வென்றன. கூர்மதியும் ஒரு முதல் என்பதை உலகம் கண்டது.

அண்மைக்கால வரலாறும் இருபக்கமும் சாட்சி கூறுகின்றது. 2023 இல் எக்கழகத்தினும் மிகுதியாகச் செலவிட்ட நியூயோர்க் மெற்ஸ், இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஓதானியோடு 70 கோடி டொலருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் செய்த லொஸ் ஏஞ்செல்ஸ் டொட்ஜேர்ஸோ, 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகத் தொடரை வென்றது. யாங்கீசின் 2000 ஆம் ஆண்டு வெற்றிக்குப்பின், அடுத்தடுத்து இருமுறை வென்ற கழகம் இதுவே. மற்றொரு புறம், பகிர்ந்தளிக்கப்படும் வருவாயை ஆட்டக்காரருக்குச் செலவிடவில்லை என்று நான்கு கழகங்கள்மீது 2018 இல் ஆட்டக்காரர் சங்கம் முறையிட்டது. அள்ளி வீசுதல் மட்டுமன்று, முடக்கி வைத்தலும் போட்டியைக் கெடுக்கும்.

வரலாறு உணர்த்துவது இதுவே: பணம் வெற்றியை உறுதி செய்வதில்லை, ஆனால் வெற்றியின் வாயிலை அகலத் திறந்துவிடுகிறது. அவ்வாயிலை எளியவருக்கும் திறக்க விரும்புவோர், உழைப்பவனின் காலில் தளையிடுதல் முறையன்று. கழகங்கள் தம் வருவாயைத் தமக்குள் பகிர்தல் வேண்டும். பெற்ற பங்கினை ஆட்டத்துக்கே செலவிடவும் வேண்டும். எட்டுக் கழகங்களோடு தொடங்கிய தேசிய லீக்கில், எந்தக் கழகமும் எதிரியின்றித் தனியே ஆடியதில்லை. எதிரி வலுவிழந்து வீழ்ந்தால், வென்றவனுக்கும் ஆட்டம் இல்லை.