மலைமேல் ஒரு தோட்டம்



தோட்டம் என்ற சொல்லுக்கு நம்மிடையே இரண்டு பொருள் உண்டு. நம் பெற்றோர் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டமும் தோட்டம்தான். லயத்துக்குப் பின்னால் அவர்கள் கத்தரியும் வெண்டையும் பயிரிட்ட சிறு நிலமும் தோட்டம்தான். இவ்விரு வகைத் தோட்டங்களும் ஒன்றாக அமைந்த ஒரு குடும்ப வீட்டின் வரலாற்றை இன்று காண்போம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே, ஒரு குன்றின் உச்சியில் அவ்வீடு நிற்கிறது. அதன் பெயர் மான்டிசெல்லோ. இத்தாலிய மொழியில் 'சிறு மலை' என்று பொருள். அதைக் கட்டியவர் தாமஸ் ஜெஃபர்சன். 1776-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் அவர். 1801 முதல் 1809 வரை அந்நாட்டின் மூன்றாவது அதிபராகவும் இருந்தார்.

ஜெஃபர்சனுக்குச் செடிகொடிகளின்மீது தணியாத ஆர்வம் இருந்தது. 1766-இல் தொடங்கி 1824 வரை தோட்டத்துக்கென்றே ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். எந்த விதை என்று ஊன்றப்பட்டது, எது முளைத்தது, எது பட்டுப்போனது என்பதையெல்லாம் அதில் எழுதினார். நட்டவற்றில் பல அழிந்தன. மதுவுக்காக அவர் வைத்த திராட்சைக் கொடிகள் கடைசிவரை பலன் தரவே இல்லை. அந்தத் தோல்விகளையும் அவர் மறைக்கவில்லை.

தோட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். வீட்டின் மேற்கே பரந்த புல்வெளி. 1807-இல் வீட்டைச் சுற்றி 20 நீள்வட்டப் பூம்பாத்திகளை அமைக்கச் செய்தார். புல்வெளியைச் சுற்றி வளைந்து வளைந்து செல்லும் நடைபாதையையும் அதே ஆண்டில் வகுத்தார். அதன் ஓரத்தைப் பத்துப் பத்து அடியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு வகை மலரை நடத் திட்டமிட்டார்.

வீட்டுக்குக் கீழே, தென்கிழக்குச் சரிவில் காய்கறித் தோட்டம். அதன் நீளம் 1,000 அடி. அகலம் 80 அடி. சரிவை வெட்டிச் சமன்செய்து, மண் சரியாமல் இருக்கக் கல்சுவர் எழுப்பினார்கள். சுவரின் உயரம் சில இடங்களில் 12 அடிக்கும் மேல். அந்தச் சரிவில் வெயில் நன்றாக விழும். ஆகவே குளிர்காலம் முடிந்ததும் மண் விரைவில் சூடேறும். நிலத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, காய்க்காக வளர்ப்பவை, கிழங்குக்காக வளர்ப்பவை, இலைக்காக வளர்ப்பவை என்று வகைப்படுத்தினார்கள். சுமார் 330 காய்கறி வகைகள் அங்கே பயிரிடப்பட்டன. நம் சமையலறைக்குப் பழக்கமான வெண்டைக்காயும் எள்ளும் அவற்றுள் உண்டு. எள் ஆப்பிரிக்க மக்களோடு வந்த பயிர் என்று ஜெஃபர்சனே எழுதியிருக்கிறார்.

நேயர்களே, இந்தத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் யார்?

மான்டிசெல்லோ ஒரு பெரிய பண்ணை. முதலில் புகையிலையும் பின்னர்க் கோதுமையும் அங்கே விளைந்தன. உழைத்தவர்கள் கறுப்பின அடிமைகள். மனிதர் யாவரும் சமம் என்று பிரகடனத்தில் எழுதிய அதே மனிதர், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தார். காய்கறித் தோட்டத்துக்காக மலைச்சரிவை வெட்டியவர்களும் அடிமைகளே. வேறு முதலாளியிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். தோட்டத்துக்குச் சற்று மேலே மல்பெரி வரிசை என்னும் பாதை. அதன் ஓரத்தில் பட்டறைகளும் அடிமைகளின் குடிசைகளும் இருந்தன. சில குடிசைகளின் அளவு 12 அடிக்கு 14 அடி. தரையோ வெறும் மண்.

அம்மக்களுக்கும் சொந்தமாகச் சிறு காய்கறித் தோட்டங்கள் இருந்தன. எசமானனின் வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவற்றில் பாடுபட்டார்கள். அவர்கள் விளைவித்த காய்களையும் வளர்த்த கோழிகளையும் பெரிய வீட்டுக்காரர்களே காசு கொடுத்து வாங்கினார்கள். ஜெஃபர்சனின் பேத்தி ஆன் 1805 முதல் 1808 வரை எழுதிய வீட்டுக் கணக்கேடு இதற்குச் சான்று. யாரிடம் என்ன வாங்கினார்கள் என்பது அதில் பெயரோடு இருக்கிறது.

தோட்டக்காரர்களுள் முதன்மையானவர் வொர்ம்லி ஹியூஸ். 1781-இல் அடிமையாகப் பிறந்தவர். சிறுவயதில் ஆணிப் பட்டறையில் வேலை செய்து, பின்னர் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரிடம் தோட்டக்கலை கற்றார். ஜெஃபர்சன் தலைநகரிலிருந்து அனுப்பிய விதைகளையும் கன்றுகளையும் நட்டு வளர்த்தது இவர் கைதான். 1826 ஜூலை 4-ஆம் நாள் ஜெஃபர்சன் மறைந்தபோது அவருக்குக் குழி தோண்டியவரும் இவரே.

ஜெஃபர்சன் விட்டுச் சென்ற கடன் ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலருக்கும் மேல். கடனை அடைக்க 1827 ஜனவரியில் 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தார்கள். ஹியூஸுக்கு ஜெஃபர்சனின் மகள் விடுதலை தந்தார். அவருடைய மனைவி உர்சுலாவும் பிள்ளைகளும் ஏலத்தில் விற்கப்பட்டார்கள். ஆண்டுக்கணக்காக அந்த மலையைப் பூக்க வைத்தவருக்குத் தம் குடும்பத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை இல்லை.

பிறகு வீடு கைமாறியது, தோட்டமும் மறைந்தது. 1923-இல் ஓர் அறக்கட்டளை அவ்விடத்தை வாங்கியது. 1939-க்கும் 1941-க்கும் இடையே பூந்தோட்டம் மீட்கப்பட்டது. அப்போது இரவில் மோட்டார் வண்டியின் விளக்கொளியைப் புல்வெளியின்மேல் பாய்ச்சிப் பார்த்தார்கள். பழைய பாதையின் மேடுபள்ளம் நிழலாகத் தெரிந்தது! 1979-இல் காய்கறித் தோட்டத்தையும் அகழ்ந்து ஆராயத் தொடங்கினார்கள். புதைந்த சுவரும் வேலிக்கால் நட்ட குழிகளும் வெளிப்பட்டன. 1987-இல் ஐக்கிய நாட்டு நிறுவனமான யுனெஸ்கோ மான்டிசெல்லோவை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. இப்போது அங்கே ஜெஃபர்சனின் பெயரோடு ஹியூஸ் போன்றோரின் பெயரையும் சொல்கிறார்கள்.

அடிமை வாழ்வு வேறு, நம் முன்னோரின் கூலி வாழ்வு வேறு. இரண்டையும் ஒன்றெனச் சொல்லிவிடக் கூடாது. ஆயினும் ஒரு பாடம் நமக்கும் உண்டு. ஹியூஸின் பெயர் மறையாமல் இருப்பதற்குக் காரணம், அது ஏட்டில் எழுதப்பட்டிருந்ததே. நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, நம் குடும்பங்கள் பல ஊர்களுக்குப் பிரிந்துவிட்டன. கோயில் அரசமரத்தை நட்டவர் யார், பங்களா முற்றத்துப் பூச்செடிக்குத் தண்ணீர் சுமந்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளைகளின் கையால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.