ஏழு கிளை விளக்கும் அதன் அடிப்பீடமும்

யூதச் சின்னம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது தாவீதின் அறுமுனை நட்சத்திரமே. எனினும் அது 14ஆம் நூற்றாண்டுப் பிராகு நகர யூதர்களின் கொடியில் இடம்பெற்று, 1897இல் பாசல் நகரில் கூடிய சீயோனிய மாநாட்டுக்குப் பின்னரே பொதுச் சின்னமாக நிலைபெற்றது. அதனினும் மிகப் பழையது மெனோரா எனப்படும் ஏழு கிளை விளக்கு. கி.மு. 40 முதல் 37 வரை ஆண்ட யூத அரசன் மத்தத்தியா ஆண்டிகோனஸ் வெளியிட்ட காசிலேயே அதனைக் காண்கிறோம்.

அவ்விளக்கின் அமைப்பை யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் நுட்பமாக விவரிக்கிறது. ஒரு தாலந்து பசும்பொன். வார்ப்பு வேலையன்று, அடிப்பு வேலை. நடுத்தண்டின் இருபுறமும் மும்மூன்று கிளைகள். வாதுமைப்பூ வடிவக் கிண்ணங்கள். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு இதனைக் குத்துவிளக்கு என்றே குறிக்கிறது. அயற்பொருளை நம் இல்லத்துக்குள் கொணர்ந்த நல்ல சொல்தான். ஆயினும் கிளைவிட்ட மரம் போன்ற அதன் தோற்றம் அச்சொல்லில் மறைந்துபோகிறது. இவ்வளவு கூறிய அவ்வதிகாரம், அடிப்பீடம் எவ்வடிவினது என்பதை மட்டும் கூறவில்லை. பிற்காலத்து வழக்கு அங்கேதான் முளைத்தது.

கி.பி. 70இல் உரோமைப் படைத்தலைவன் டைட்டஸ் எருசலேம் ஆலயத்தை அழித்தான். மறு ஆண்டு உரோமை நகரில் நிகழ்ந்த வெற்றி ஊர்வலத்தில் ஆலயத்துப் பொன்விளக்கும் தூக்கிச் செல்லப்பட்டது. அக்காட்சியே டைட்டஸ் வளைவில் புடைப்புச் சிற்பமாக இன்றும் நிற்கிறது. 2012இல் நடந்த ஆய்வில் அச்சிற்ப விளக்கின்மீது மஞ்சள் வண்ணத்தின் எச்சம் கண்டறியப்பட்டது; பொன்னைப் பொன்னாகவே காட்ட விழைந்திருக்கிறார்கள். (விளக்கு இன்னும் வாத்திகன் நிலவறையில் ஒளித்து வைக்கப்பட்டுள்ளது என்னும் கதைக்கு ஆதாரம் எதுவுமில்லை.)

அச்சிற்பத்தில் விளக்கு ஈரடுக்குப் பலகோணப் பீடத்தின்மீது நிற்கிறது. பீடத்தில் கடல்விலங்குகளின் உருவங்கள் உள்ளன. பண்டைய யூதத் தொழுகைக்கூடங்களிலோ வேறு வடிவம். திபேரியாவுக்கு அருகிலுள்ள ஹம்மாத்தில் 4ஆம் நூற்றாண்டுத் தரைச்சித்திரத்தில் விளக்கு மூன்று கால்களின்மீது நிற்கிறது. உருவங்களை விலக்கிய சமயத்தின் கருவறை விளக்கில் கடல்விலங்குகள் எவ்வாறு வந்தன என்பதில் அறிஞர்கள் இன்றும் உடன்படவில்லை.

1949 பிப்ரவரி 10ஆம் நாள் இஸ்ரேல் ஏற்ற அரசுச் சின்னத்தில் இடம்பெற்றது டைட்டஸ் வளைவின் விளக்கே. ஷமீர் சகோதரர்கள் அதன் இருமருங்கிலும் ஒலிவக் கிளைகளை வரைந்தனர். கொள்ளை போனது திரும்பி வந்தது என்பதே அத்தேர்வின் கருத்து. தலைமை ரபி ஐசக் ஹெர்சாக் உடன்படவில்லை. அப்பீடம் அயலார் கைபட்டது, யூத மரபுக்கு ஒவ்வாதது என்றார். அரசின் உணர்வு நமக்குப் புரிகிறது. ஆயினும் வென்றவன் செதுக்கியது வழிபாட்டு விளக்கையன்று, கொள்ளைப் பொருளை. ஆகவே ரபியின் பக்கமே நியாயம் மிகுதி எனத் தோன்றுகிறது. அவருடைய மறுப்பு ஏற்கப்படவில்லை. இஸ்ரேலியக் கடவுச்சீட்டின் அட்டையில் விளக்கு அந்த ஈரடுக்குப் பீடத்தின்மீதே நிற்கிறது.