சந்தாவும் செய்தியும்: தொழிற்சங்கச் சேவையில் பத்திரிகையின் இடம்

தொழிலாளர் இயக்கத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் வேலைநிறுத்தங்களையும் கதவடைப்புகளையும் அவற்றை நடத்திய தலைவர்களின் பெருமையையும் விஸ்தாரமாக எழுதியிருக்கின்றனரேயன்றி, மாதந்தோறும் சந்தா செலுத்திய சாதாரண அங்கத்தினனுக்குச் சங்கம் என்ன சொல்லிற்று, என்ன செய்துகொடுத்தது என்பதை அவ்வளவாக ஆராய்ந்தாரில்லை. ஆராய்ந்த சிலரும் துண்டுப் பிரசுரத்தையும் வாரப் பத்திரிகையையும் ஓர் அத்தியாயத்திலும், மருத்துவசாலையையும் பள்ளியையும் சகாயநிதியையும் வேறோர் அத்தியாயத்திலுமாக வைத்துப் பேசினர். முன்னது பிரசாரம், பின்னது தருமம் என்பது அவர்தம் எண்ணம் போலும். இப்பாகுபாடு பிழையுடையது என்பதும், செய்தி தருவதே சங்கம் தன் அங்கத்தினருக்குச் செய்யும் சேவைகளுள் முதன்மையானது என்பதும், செய்தியோடு பிணையாத சேவை நாளடைவில் மேலிருந்து இடப்படும் பிச்சையாகத் தேய்ந்துவிடும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இதற்குச் சான்றாக ஆமதாபாத் நகரத்து நிகழ்ச்சிகளைச் சற்று நெருங்கிப் பார்த்தல் தகும். பிளேக் நோய் பரவிய காலத்தில் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடிவிடாதிருக்கும் பொருட்டு ஆலை முதலாளிகள் கொடுத்துவந்த போனஸை, நோய் தணிந்ததும் நிறுத்த முற்பட்டனர். யுத்தகாலத்து விலைவாசியோ தணிந்தபாடில்லை. நெசவாளர் 50 சதவீத உயர்வு கேட்க, கணக்குகளை ஆராய்ந்த காந்தியடிகள் 35 சதவீதமே நியாயமென்று கூற, 20 சதவீதத்திற்கு மேல் இசையாத முதலாளிகள் 1918ஆம் வருஷம் பிப்ரவரி 22ஆம் தேதி கதவடைப்புச் செய்தனர். முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா.

பிப்ரவரி 26ஆம் தேதி முதல் அனசூயாவின் பெயரால் துண்டுப் பிரசுரங்கள் வெளிவரலாயின. போராட்டம் முடிவதற்குள் அவை 17 ஆயின. தொழிலாளர் செய்துகொண்ட பிரதிக்ஞை யாது, 35 என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது, வேலையற்ற பகற்பொழுதைச் சூதாட்டத்திலும் உறக்கத்திலும் கழிக்காமல் வீட்டைச் செப்பனிடுதல் போன்ற காரியங்களில் எவ்வாறு செலுத்தலாம் என்பனவெல்லாம் அவற்றில் எளிய நடையில் சொல்லப்பட்டன. மாலைதோறும் சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் கூடிய கூட்டத்தில் அவை விளக்கப்பட்டன. எழுத்தறியாதவன் செவியால் வாசித்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அச்செய்தி மேலிருந்து கீழே மட்டும் ஓடியதன்று என்பதே இங்கு முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. தொண்டர்கள் நாள்தோறும் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்று வந்தமையால், பட்டினி முற்றிய நாட்களில், ‘காந்திக்கும் அனசூயாவுக்கும் என்ன? மோட்டாரில் வருகிறார்கள், வயிறார உண்கிறார்கள்’ என்று அங்கே பிறந்த கசப்பும் மறையாமல் தலைவரின் செவிக்கு வந்து சேர்ந்தது. காந்தியடிகள் மார்ச்சு 15ஆம் தேதி உபவாசம் தொடங்கியதற்கு அக்கசப்பே காரணமாயிற்று; 18ஆம் தேதி மத்தியஸ்தத்திற்கு விட உடன்பாடு ஏற்பட்டது; மத்தியஸ்தரும் பின்னர் 35 சதவீதமே தீர்ப்பளித்தார். தன்னைப் பற்றிய கடுஞ்சொல்லைக் கேட்கும் வழியைத் தானே திறந்து வைத்திருந்த தலைமை அது; அவ்வழி அடைபட்டிருந்தால் பிரசுரங்கள் எத்தனை வந்திருப்பினும் பயனில்லை என்பது என் அபிப்பிராயம்.

அங்கு 1920இல் தோன்றிய மஜூர் மகாஜன் சங்கம் இப்பழக்கத்தையே ஸ்தாபன முறையாக ஆக்கிக்கொண்டது. கூலியில் பிடித்தம், மேஸ்திரியின் கொடுமை, இயந்திரக் கோளாறு என எக்குறையாயினும் அங்கத்தினன் சங்க ஆபீசுக்கு வந்து சொன்னால், அது புகார்ப் புத்தகத்தில் பதிவாகும். சங்கத்தின் ஆள் ஆலைக்குச் சென்று விசாரிப்பார். இலாகாத் தலைவரிடம் தீராதது நிர்வாகத்தினிடமும், அங்கும் தீராதது மத்தியஸ்தத்திற்கும் செல்லும். மருந்தகம், பள்ளிக்கூடம், கூட்டுறவு வங்கி ஆகியவற்றோடு, ‘மஜூர் சந்தேஷ்’ என்னும் குஜராத்திப் பத்திரிகையையும் சங்கம் 1923 முதல் நடத்தியது. புகார்ப் புத்தகத்தையும் பத்திரிகையையும் ஒன்றாக வைத்து நோக்கினால்தான் இதன் நுட்பம் புலப்படும்: ஒருவனுக்குக் கிடைத்த நியாயம் அவனோடு நின்றுவிடாது, அதே குறையுடைய ஆயிரம் பேருக்கு உரிமையாக மாறுவது அது செய்தியாகும்போதுதான்.

நம் சென்னையின் கதை இதனின்றும் வேறுபட்டது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்கு மத்தியான உணவிற்கு விடப்பட்டது அரைமணி நேரம். அதற்குள் கைகால் கழுவி, வெளியே வந்து, சோற்றை விழுங்கி, கதவு மூடுமுன் ஓடவேண்டும். பிந்தினவனுக்கு அரைநாட் கூலி போகும். இக்குறைகளையெல்லாம் அவர்கள் முதலில் சொல்லி அழுதது செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் சிறு வணிகர் இருவரிடத்தில். கூடிய இடம் அவ்விருவரும் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபை. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்து, பி. பி. வாடியா தலைவரானபோது, ‘தேசபக்தன்’ ஆசிரியராயிருந்த திரு. வி. க. உபதலைவருள் ஒருவரானார். பத்திரிகாசிரியர் ஒருவர் சங்கத்தின் வாயிலில் நின்றது தற்செயலன்று. ஆயினும் அச்சங்கத்தின் செய்தி பெரும்பாலும் மேடைச் செய்தியாகவே இருந்தது. தமிழறியாத பார்சியரான வாடியாவின் ஆங்கிலம் தமிழாகிச் செவிக்கு எட்டியது. கூட்டம் கலைந்தபின் அதைச் சுமந்தது வாய்மொழி.

வாய்மொழியை நம்பியதன் அபாயம் 1921ஆம் வருஷத்து நெடிய வேலைநிறுத்தத்தில் வெளிப்பட்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. ஜாதிப் பகைமையும், அதை வளர்த்துப் பயன்கொள்ள நினைத்தோரின் சூழ்ச்சியும் இதற்குக் காரணங்கள் என்பதை மறுக்கவியலாது. எனினும், அங்குள்ள சேரிகளில் வாழ்ந்த தொழிலாளனிடம் சங்கம் எந்தச் செய்தியுடன், எந்த உதவியுடன், யாரை அனுப்பிற்று என்று கேட்பது ஆராய்ச்சியாளனின் கடமை. ஆமதாபாதில் குடியிருப்புதோறும் நடந்த கால்களை இங்கே நான் காணவில்லை. வதந்தி புகுந்த இடம் செய்தி புகாத இடமே என்று துணிந்து கூறுவேன். இரண்டாண்டுகளுக்குப் பின் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியதோடு ‘தொழிலாளன்’ என்னும் பத்திரிகையையும் தொடங்கினார் என்பது இக்குறையை அக்காலத்தவரே உணர்ந்தமைக்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

சட்டம் இவ்விஷயத்தில் சரித்திராசிரியர்களைவிடத் தெளிவுடையதாயிருந்தது. தொழிற்சங்கப் பணியின் பொருட்டு வாடியா முதலியோர்மீது சென்னை ஹைக்கோர்ட்டார் பிறப்பித்த தடையுத்தரவு எழுப்பிய கவலையின் பயனாய், 1926ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 15ஆம் பிரிவு சங்கத்தின் பொதுநிதியை எவ்வெவற்றுக்குச் செலவிடலாம் என்று வரையறுத்தது. மரணம், மூப்பு, நோய், விபத்து, வேலையின்மை ஆகியவற்றுக்கான உதவித்தொகையும், ஈமச்செலவும், பிள்ளைகளின் கல்வியும் எந்தப் பட்டியலில் இருந்தனவோ, அதே பட்டியலில் முதலாளி தொழிலாளி விவகாரங்களைப் பேசும் பத்திரிகையை நடத்தும் செலவும் இருந்தது. இதனோடு 20ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்கவேண்டும்: கணக்குப் புத்தகங்களையும் அங்கத்தினர் ஜாபிதாவையும் பார்வையிட எந்த அங்கத்தினனுக்கும் அது உரிமையளித்தது.

சேவைகள் பெருகினால் தொழிலாளி போராளியாக இராமல் வெறும் பயனாளியாகிவிடுவான் என்று சிலர் ஆட்சேபிப்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. தலைவருக்கு நன்றி கூறும் படங்களால் பக்கங்களை நிரப்பும் சங்க இதழ்கள் அவ்வபாயத்தின் அறிகுறிகளே. ஆனால் அதற்குப் பரிகாரம் மருந்தகத்தை மூடுவதன்று. எவ்வளவு சந்தா வந்தது, யாருக்கு எவ்வளவு போயிற்று, எந்தப் புகார் ஏன் தோற்றது என்பதை அச்சிட்டுக் காட்டுவதே. சேவையும் செய்தியும் பிணைந்து நடக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: ஆமதாபாத் சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து எழுந்து, முதலாளி என்று ஒருவரைக் காட்டமுடியாத பெண்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் மறுத்தும் 1972இல் பதிவுபெற்ற ‘சேவா’ என்னும் பெண் தொழிலாளர் சங்கம், 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்ட பணத்தில் வங்கி தொடங்கியது. தன் இதழுக்கு அது அனசூயாவின் பெயரையே இட்டது.

இத்தகைய ஆராய்ச்சிக்கு வேண்டிய மூலங்கள் தலைவர்களின் நூல்களில் இல்லை. சந்தா ரசீதுகளிலும், ஆலைவாயில் நோட்டீசுகளிலும், பழுப்பேறிய சங்க இதழ்களிலும், புகார்ப் புத்தகங்களிலுமே இருக்கின்றன. வடசென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெட்டிகளில் இவற்றுள் சில இன்னும் கிடக்கக்கூடும். அவற்றைப் பழைய காகிதமென்று எடைக்குப் போடாமல், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஒரு நூலகத்தில் ஒப்படைக்குமாறு இதனைப் படிப்போரை வேண்டிக்கொள்கிறேன்.