பள்ளிகளைப் பூட்டிய வரவு செலவுத் திட்டம்

வரலாற்றைத் தேடுவோர் பெரும்பாலும் போர்க்களங்களையும் அரசவைகளையும் நாடிச் செல்வர். மக்களின் வாழ்வு தீர்மானிக்கப்படும் வேறோரிடமும் உண்டு, அது கணக்கேடு. எவரிடமிருந்து எவ்வளவு வரி, எந்தக் காரியத்துக்கு எவ்வளவு பணம் என ஒரு சிறு சபை கூடி முடிவு செய்யும்பொழுது அங்கே வாள் உருவப்படுவதில்லை, குரல்கூட உயர்வதில்லை. ஆயினும் அம்முடிவின் கீழ் ஒரு தலைமுறையே நசுங்கிப் போகலாம். ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டியில், 1959 ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதுவே. ஆசிரியர்களும் மாணவர்களும் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பது நமது கருத்து.

கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. அதனை ஆள்வது தேர்தல் மூலம் அமைக்கப்படும் மேற்பார்வையாளர் சபை. சோலைவரி விதிப்பதும், அப்பணத்தை வெவ்வேறு தேவைகளுக்கு ஒதுக்குவதும் அச்சபையின் கடமை. பள்ளிகளை நடத்துவதற்கு வேறாக ஒரு பாடசாலைச் சபை இருந்தது. ஆனால் அதற்குச் சுயமாக வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. பாடசாலைச் சபை கேட்க வேண்டும்; மேற்பார்வையாளர் சபை கொடுக்க வேண்டும். இவ்வமைப்பை மனங்கொண்டாலன்றிப் பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ளல் இயலாது.

பிரின்ஸ் எட்வேர்ட் புகையிலை விளையும் மண். முன்னர் அடிமைகளின் உழைப்பிலும், பின்னர் வாரக்குடிகளின் உழைப்பிலும் அங்கே செல்வம் திரண்டது. 1902 ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு வாக்களிக்க விரும்புவோர் மீது ஒன்றரை டொலர் தலைவரி விதித்தது. ஏழையின் கையிலிருந்து வாக்குச்சீட்டைப் பறிப்பதற்கு, அதிலும் சிறப்பாகக் கறுப்பின மக்களை விலக்கி வைப்பதற்கு, அது வசதியான கருவியாயிற்று. மாநிலத் தேர்தல்களில் இவ்வரி 1966 வரை நீடித்தது. ஆகவே, மக்கள் சபை என்ற பெயர் தாங்கிய மேற்பார்வையாளர் சபை யாருடைய சபையாய் இருந்தது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. சோலைவரி கட்டும்பொழுது மட்டும் கறுப்பின மக்களும் கவுண்டியின் குடிமக்களாகக் கணிக்கப்பட்டனர்.

பாம்வில் பட்டினத்தில் கறுப்பின மாணவருக்கென ரொபேட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939 இல் கட்டப்பட்டது. 180 மாணவருக்காக அமைந்த அக்கட்டிடத்தில் 1951 அளவில் 450க்கு மேற்பட்டோர் பயின்றனர். விளையாட்டு மண்டபம் இல்லை, உணவுச்சாலை இல்லை, விஞ்ஞான ஆய்வுகூடமும் இல்லை. இடநெருக்கடிக்குச் சபையார் கண்ட பரிகாரம், மரச்சட்டங்களில் தார்க் காகிதம் போர்த்த கொட்டகைகள் சிலவற்றை எழுப்பியதே. வெள்ளையின மாணவரின் பள்ளியில் இக்குறைகள் இருக்கவில்லை. இரண்டுக்கும் பணம் ஒதுக்கியவர்கள் ஒரே சபையினர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1951 ஏப்ரல் 23 ஆம் நாள் பதினாறு வயது மாணவி பார்பரா ஜோன்ஸ் தலைமையில் மோட்டன் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதிபரைத் தந்திரமாகத் தொலைபேசி மூலம் வெளியே வரவழைத்துவிட்டு, மாணவரை மண்டபத்தில் கூட்டி, பார்பரா பேசினாள். இரண்டு வாரம் வகுப்புகள் நடைபெறவில்லை. தொடக்கத்தில் அவர்கள் கேட்டது நல்ல கட்டிடம் ஒன்றையே. ஒலிவர் ஹில், ஸ்பொட்ஸ்வூட் ரொபின்சன் ஆகிய சட்டத்தரணிகள் வந்து, இனப்பிரிவினையையே எதிர்ப்பதாயின் தாம் வழக்குப் பேச ஆயத்தம் என்றனர். மதகுரு பிரான்சிஸ் கிரிபின் துணை நின்றார். பெற்றோர் இணங்கினர். 117 மாணவரின் பெயரில் மே மாதம் வழக்குத் தாக்கலாயிற்று. கன்சாஸ், தென் கரோலைனா, டெலவெயர் மாநிலங்களின் வழக்குகளோடு அது ஒருங்கே விசாரிக்கப்பட்டது. அரசாங்கப் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு முரணானது என 1954 மே 17 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் இக்கிராமத்துப் பிள்ளைகளின் பங்கும் உண்டு.

இதற்கிடையில் கவுண்டி நிருவாகம் ஒன்று செய்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் டொலர் செலவில் கறுப்பின மாணவருக்குப் புதிய உயர்நிலைப் பள்ளியொன்றைக் கட்டி 1953 இல் திறந்தது. ஆண்டுக்கணக்காகப் பெற்றோர் மன்றாடியபொழுது கிடைக்காத பணம், வழக்கு என்றதும் கிடைத்துவிட்டது! பணமில்லை என்ற பழைய விடை எத்துணை பொய்யானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பிரிவினையைக் காப்பதற்கு எவ்வளவு செலவாயினும் அதனைக் கொடுக்க அவர்கள் ஆயத்தமாயிருந்தனர்.

1955 மே 31 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தனது தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் முறையைக் கூறியது. கால எல்லை எதனையும் விதிக்காத அந்த ஆணையில் தயக்கமே மிகுந்திருந்தது. அதே நாளில் பிரின்ஸ் எட்வேர்ட் மேற்பார்வையாளர் சபை கூடி, சட்டம் கட்டாயப்படுத்திய ஆகக் குறைந்த தொகையாகிய 150,000 டொலரை மட்டும் பள்ளிகளுக்கு ஒதுக்கியது. பின்னர் பள்ளிச் செலவை ஆண்டுக்கொருமுறையன்றி மாதந்தோறும் அனுமதிக்கும் முறையைக் கைக்கொண்டது. எந்த மாதத்திலும் பணத்தை நிறுத்திப் பள்ளியை மூடலாம் என்பதே இதன் உட்பொருள். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் பள்ளியை நடத்துவதில்லை என 1956 இல் வெளிப்படையாகவே தீர்மானம் நிறைவேற்றியது.

இது ஒரு கவுண்டியின் பிடிவாதம் மட்டுமன்று. செனற்றர் ஹரி பேர்டின் தலைமையில் மாநிலம் முழுவதும் "பெரும் எதிர்ப்பு" எனும் கொள்கை அன்று கோலோச்சியது. இனம் கலந்த பள்ளியை மூடுவதற்கு 1956 இல் மாநிலச் சட்டசபை சட்டமியற்றியது. 1958 இல் நோர்போக், சார்லட்ஸ்வில், வொரன் கவுண்டி ஆகிய இடங்களிற் பள்ளிகள் மூடப்பட்டன. 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் இச்சட்டத்தைத் தகர்த்தன. சட்டசபை பின்வாங்கியது, ஆனால் கட்டாயக் கல்விச் சட்டத்தை நீக்கி, அதனை அந்தந்தப் பிரதேசத்தின் விருப்பத்துக்கு விட்டது. ஏனைய கவுண்டிகள் பள்ளிகளைத் தொடர்ந்து நடத்தின. பிரின்ஸ் எட்வேர்ட் மட்டும் அடுத்த படிக்குச் சென்றது.

1959 செப்டெம்பரில் இன வேறுபாடின்றி மாணவரைச் சேர்த்தல் வேண்டும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் கட்டளையிட்டது. ஜூன் மாதத்தில் மேற்பார்வையாளர் சபை அதற்கு விடையளித்தது. 1959-60 கல்வியாண்டுக்குப் பள்ளி வரி எதனையும் விதிப்பதில்லை என்பதே அவ்விடை. இத்தீர்மானத்தின் நயவஞ்சகத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். கறுப்பின மாணவரை உள்ளே விடோம் என்று அது கூறவில்லை. நீதிமன்றக் கட்டளையை மீறுவதாகவும் கூறவில்லை. வரி விதிக்கவில்லை, அவ்வளவே. பணமில்லாத பாடசாலைச் சபை செப்டெம்பரில் எந்தப் பள்ளியையும் திறக்கவில்லை. எட்டு இலட்சம் டொலரில் எழுந்த புதிய கட்டிடத்தின் கதவிலும் பூட்டுத் தொங்கியது.

வெள்ளைப் பிள்ளைகளுக்கென ஒரு தனியார் நிறுவனம் உடனே முளைத்தது. தேவாலயங்களிலும் பிற கட்டிடங்களிலும் அதன் வகுப்புகள் தொடங்கின. வெள்ளையின ஆசிரியருட் பெரும்பாலோர் அங்கே சென்றனர். கறுப்பின ஆசிரியர் வேலையிழந்து வேற்றூர்களை நாடினர். முதலாண்டு நன்கொடையில் நடந்த அந்நிறுவனத்துக்கு 1960 இல் பொதுப்பணம் பாயத் தொடங்கியது. மாநிலம் ஒரு பிள்ளைக்கு 125 அல்லது 150 டொலர் கல்வி மானியம் வழங்கியது. பள்ளிகளுக்கு வரி விதிக்க மறுத்த அதே மேற்பார்வையாளர் சபை, அதனோடு மேலும் 100 டொலர் வழங்கத் தீர்மானித்தது. தனியார் பள்ளிக்கு நன்கொடை அளிப்போருக்குச் சோலைவரியில் நூற்றுக்கு 25 வரை கழிவும் கொடுத்தது. எல்லா இனத்தாரும் இம்மானியத்தைப் பெறலாம் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. ஆனால் கவுண்டியில் இருந்த தனியார் பள்ளி வெள்ளையருக்கே உரியது. ஏட்டில் சமத்துவம், நாட்டில் பிரிவினை!

ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் நின்றனர். தேவாலய அடித்தளங்களில் தாய்மாரும் தொண்டர்களும் சிறு பயிற்சி நிலையங்களை நடத்தினர். உயர் வகுப்பு மாணவர் சிலர் வட கரோலைனாவின் கிற்றெல் கல்லூரிக்குச் சென்றனர். வேறு சிலரைக் குவேக்கர் தொண்டு நிறுவனமொன்று பிற மாநிலக் குடும்பங்களிடம் அனுப்பிப் படிக்கவைத்தது. மிகப் பலருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. வயலும் வீட்டுவேலையுமே அவர்களது பள்ளியாயின. கட்டணம் செலுத்த முடியாத ஏழை வெள்ளையரின் பிள்ளைகளிற் சிலரும் கல்வியை இழந்தனர். தம் இனத்தைக் காப்பதாகச் சொன்ன சபை தம்மையும் கைவிட்டதை அவ்வேழைகள் உணர்ந்தனரோ இல்லையோ, வரலாறு அதனைப் பதிந்திருக்கிறது. இனவெறி என்பது உடையோன் இல்லாதவனுக்குக் காட்டும் போலி உறவு என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இங்கே கடினமான வினாவொன்று எழுகிறது. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தரலாம் என ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. கறுப்பின மக்கள் அதனை நிராகரித்தனர். பிள்ளைகளின் படிப்பை இழந்தேனும் கொள்கையைக் காத்தது சரியா? கரும்பலகைக்கு முன் நிற்கும் ஆசிரியர் எவரும் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. பிள்ளைப் பருவம் திரும்பி வருவதில்லை. ஆயினும் அந்த யோசனையை ஏற்றிருந்தால், பொதுக்கல்வி எனும் நிறுவனமே அங்கே என்றென்றைக்கும் புதைக்கப்பட்டிருக்கும். மானியத் திட்டத்துக்கு நேர்மையின் முகமூடியும் கிடைத்திருக்கும். தென் மாநிலங்கள் பலவும் அவ்வழியே சென்றிருக்கும். பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்வியை விலையாகக் கொடுத்து எல்லாப் பிள்ளைகளின் உரிமையைக் காத்தனர். அவ்விலையைப் புகழ்ச்சி மொழிகளால் மறைத்தல் தகாது. அத்தகைய தெரிவுக்கு அவர்களைத் தள்ளியது சபையின் தீர்மானமே என்பதையும் மறைத்தல் தகாது.

1961 இல் மாவட்ட நீதிமன்றம் மானியத்தையும் வரிக்கழிவையும் தடுத்தது. ஆனால் பள்ளிகள் திறக்கப்படவில்லை. 1963 கோடையில் பாம்வில் தெருக்களில் இளைஞர் ஆர்ப்பாட்டம் செய்தனர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், தனியார் நிதியைக் கொண்டு, கவுண்டிக்குச் சொந்தமான கட்டிடங்களில் இலவசப் பள்ளிகள் தொடங்கின. 1959 இல் ஆறு வயது நிரம்பிய பிள்ளைகளுட் பலர் தமது பத்தாம் வயதிலேயே முதன்முறையாக வகுப்பறையுட் புகுந்தனர்.

1964 மே 25 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது. நீதியரசர் ஹியூகோ பிளாக் எழுதிய அத்தீர்ப்பு, ஏனைய கவுண்டிகளிற் பள்ளிகள் நடக்க இங்கு மட்டும் அவற்றை மூடியதற்கு இனப்பிரிவினையன்றி வேறு காரணம் இல்லை எனக் கண்டது. பள்ளிகளைத் திறப்பதற்கு வேண்டிய வரியை விதிக்குமாறு மேற்பார்வையாளரை மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடலாம் என்றும் கூறியது. வரி விதியாமையும் ஒரு செயலே, அதற்கும் பொறுப்புண்டு என்பதே இதன் சாரம்.

அதன் பின்னரும் சபை அடங்கிவிடவில்லை. 1964 ஆகஸ்டில், மேன்முறையீட்டு நீதிமன்றம் தடுப்பதற்கு முன்னர், இரவோடிரவாகக் கூடி, வரிசையில் நின்ற வெள்ளையினப் பெற்றோருக்கு ஏறத்தாழ 180,000 டொலரை மானியமாக வழங்கிவிட்டது. பகலில் ஐந்தாண்டுகள் கிடைக்காத பணம் நள்ளிரவில் கிடைத்தது! இதற்காக மேற்பார்வையாளர்கள் நீதிமன்றத்தை அவமதித்தனர் என 1966 இல் தீர்ப்பாயிற்று. பொதுப்பள்ளிகள் 1964 செப்டெம்பரில் மீண்டும் திறந்தன. ஆனால் அங்கே வந்தோர் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பின மாணவரே. தனியார் பள்ளி கறுப்பின மாணவரை ஏற்றது 1986 இலேயே.

பிற்காலத்தில் வருத்தங்கள் தெரிவிக்கப்பட்டன. மாநிலச் சட்டசபை 2003 இல் வருந்தியது. 2004 இல் கல்வியிழந்தோருக்கான புலமைப்பரிசில் நிதி ஏற்படுத்தப்பட்டது; அதில் பத்து இலட்சம் டொலர் மாநிலத்தினது, பத்து இலட்சம் ஒரு செல்வருடையது. 1959 இல் ஆறு வயதாயிருந்தவருக்கு அப்பொழுது 51 வயது. 2008 இல் மேற்பார்வையாளர் சபையும் துயரம் தெரிவித்து, நீதிமன்றக் கட்டிடத்தின் உச்சியில் நல்லிணக்க விளக்கொன்றை ஏற்றியது. 1991 இல் மறைந்த பார்பரா ஜோன்ஸ், அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டிடத்தில் வேர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி லீயின் சிலைக்குப் பதிலாக 2020 இல் தெரிவு செய்யப்பட்டார். இவை நல்லனவே. ஆனால் விளக்கேற்றும் தீர்மானத்துக்கு அதிகம் செலவாவதில்லை. உரிய காலத்திற் பள்ளிக்கு வரி விதிக்கும் தீர்மானமே ஒரு சபையின் மனத்தை அளக்கும் கோல்.

கொள்கைப் பிரகடனங்களைப் படித்து மகிழ்வது எளிது. அவற்றோடு வரவு செலவுத் திட்டத்தையும் படித்தல் வேண்டும். அங்கே எழுதப்பட்ட தொகைகளைப் போலவே எழுதப்படாத தொகைகளையும் படித்தல் வேண்டும். "நிதியில்லை" என்று ஒரு சபை கூறும்பொழுது, யாருக்கு இல்லை, யாருக்கு உண்டு, அதனை முடிவு செய்தோரைத் தெரிந்தெடுத்தவர் யார் எனக் கேட்கப் பழகுதல் வேண்டும். அவ்வினாவைப் பதினாறு வயது மாணவியொருத்தி கேட்டாள். அதனை மாணவருக்குக் கற்பிப்பது வரலாற்றாசிரியரின் கடமைகளுள் முதன்மையானது என நாம் கருதுகிறோம்.