நடுவில் நிற்பவர்கள்

வேலை நிமித்தமாக மூன்று மாதம் பெர்த்தில் இருந்தேன். தினமும் காலையில் நார்த்பிரிட்ஜ் பகுதிக்கு அடியில் ஓடும் 1.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத்தான் வேலையிடத்துக்குப் போவோம். சாலையின் பெயர் கிரஹாம் ஃபார்மர் ஃப்ரீவே. யாரோ பழைய அமைச்சராக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நம்ம ஊரில் சாலைக்கு வேறு யார் பெயரை வைப்பார்கள்? வேலையிடத்தில் இருந்த வயதான ஃபோர்மேன் ஒருவர்தான் சிரித்துவிட்டு, அவர் ஓர் ஆட்டக்காரர், 'ரக்மேன்' என்றார். ரக்மேன் என்றால் என்ன என்று கேட்டேன். அன்றைய தேநீர் இடைவேளை முழுக்க அதிலேயே போய்விட்டது.

ஆஸ்திரேலியக் கால்பந்து நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, நீள்வட்டத் திடல், அணிக்குப் பதினெட்டுப் பேர். ஆஃப்சைட் கிடையாது. பந்தைக் கையால் எறியக்கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். அதற்குப் பெயர் ஹேண்ட்பால். கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸ், குளிர்காலத்தில் விளையாட ஒரு கழகம் வேண்டும் என்று 1858இல் மெல்பர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மெல்பர்ன் கழகம் விதிகளை எழுதிவிட்டது.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது நடுத்திடல்தான். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுவுக்கு வரும். நம்ம கால்பந்தில் கோல் வாங்கிய அணிக்கே பந்து கிடைக்கும், ஒருவகை ஆறுதல் பரிசு. இங்கே அது இல்லை. நடுவர் பந்தை மேலே எழுப்புவார். இரண்டு நெட்டையர்கள் எகிறித் தட்டுவார்கள். அவர்கள்தான் ரக்மேன்கள். நடுவை ஜெயிக்கும் அணி கோல்மேல் கோலாக அடித்துக்கொண்டே போகலாம், எதிரணி பந்தைத் தொடாமலேயே நிற்க வேண்டியிருக்கும்.

பார்க்க இது உயரப் போட்டி மாதிரித் தெரியும். ஆனால் ரக்மேன் பந்தைத் தட்டுவது தனக்காக இல்லை, கீழே நிற்கும் ஆளுக்காக. ஒருவர் அவருக்கு முன்னால் நெருங்கி நிற்பார், ஒருவர் பக்கவாட்டிலிருந்து ஓடிவந்து வேகத்தோடு பந்தை எடுப்பார், ஒருவர் தன் கோல் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று காவல் காப்பார். எங்கே தட்டப்போகிறார் என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள். எதிரணியின் வேலை அந்த இடத்தை மோப்பம் பிடித்து முதலில் போய் நிற்பது. எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். கன்ட்ரோல் சிஸ்டம் பாடத்தில் தடுமாறிப் பாஸான எனக்கு இது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

முன்பு அணிக்கு இரண்டு பெரிய ரக்மேன், கூடவே சிறிய உடம்புக்காரரான ஒரு ரோவர் என்பதுதான் வழக்கம். 1950களில் மெல்பர்ன் பயிற்றுநர் நார்ம் ஸ்மித், இரண்டாவது ரக்மேனுக்குப் பதிலாக ரான் பரஸ்ஸியைக் கொண்டுவந்தார். ரக்மேன் ஆவதற்கு அவருக்கு உயரம் பத்தாது, ஆனால் முட்டி மோதிப் பந்தை எடுக்கத் தெரியும். 'ரக்-ரோவர்' என்ற இடமே அப்படித்தான் நிலைபெற்றது. அந்த அணி 1955க்கும் 1964க்கும் இடையில் ஆறு கோப்பைகள் வென்றது.

ஃபார்மருக்கு வருகிறேன். 1935இல் பிறந்த நூங்கர் பழங்குடிப் பிள்ளை. பெர்த்தில், கலப்பினப் பழங்குடிப் பிள்ளைகளை வளர்ப்பதற்கென்றே இருந்த சிஸ்டர் கேட்ஸ் இல்லத்தில் வளர்ந்தார். ஈஸ்ட் பெர்த் அணிக்காக 1953இல் ஆட வந்தார். இந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 1927 முதல் 1954 வரை பெர்த் நகரின் மையம் பழங்குடியினருக்குத் தடை செய்யப்பட்ட பகுதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போனால் கைது. குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பித்து, தன் சொந்த இனத்தாரோடு உறவை விட்டுவிட்டதாக நிரூபிக்கச் சொன்ன 1944ஆம் ஆண்டுச் சட்டமும் அப்போது நடப்பில் இருந்தது. அந்த ஊரில்தான், அவருடைய மக்கள் நகர நடுவில் நிற்க முடியாத காலத்தில், இந்தப் பையன் திடலின் நடுவில் போய் நின்றான்.

அவர் கொண்டுவந்த மாற்றம் இரண்டு. எதிராளிக்கு ஒரு நொடி முன்பே எகிறி, அவர் உடம்பின் மேலேயே நிலைகொண்டு, பந்து கைக்கு வரும்வரை காத்திருப்பார். அப்புறம் ஹேண்ட்பால். அதுவரை உதைக்க வழியில்லாதபோது செய்யும் கடைசி வேலையாகத்தான் அதைப் பெரும்பாலோர் பார்த்தார்கள். அவர் அதைத் தாக்குதலாக்கினார். ஓடிக்கொண்டிருக்கும் ரோவரின் கைக்கு நேராக, தூரமாகக் குத்தி அனுப்புவார். கார் விற்கும் இடத்தில் வேலை பார்த்தபோது, கார் ஜன்னல் வழியாகப் பந்தைக் குத்திப் பழகினார் என்று இன்றும் சொல்வார்கள். 1962இல் ஜீலாங் அணிக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அடுத்த ஆண்டு திரும்பி வந்து, ரோவர் பில்லி காகினோடு சேர்ந்து கோப்பையை வென்றார்.

அதற்குப் பின் நடு என்பது விதிகளின் விளையாட்டாகிவிட்டது. எல்லாரும் வந்து குவிகிறார்கள் என்று 1973இல் நடுவில் ஒரு வைர வடிவக் கட்டம் போட்டார்கள். 1975இல் அது 45 மீட்டர் சதுரமானது. பந்து எழும்பும்போது உள்ளே அணிக்கு நான்கு பேர் மட்டும். தூர ஓடிவந்து மோதி முழங்கால் தசைநார் கிழிகிறது என்று 2005இல் பத்து மீட்டர் வட்டம் வந்தது. 2019இலிருந்து இரு முனைகளிலும் ஆறாறு பேர், நடுவில் ஆறு பேர் நின்றே ஆகவேண்டும். கூடுதலாக ஒரு தடுப்பாளரைப் பின்னால் ஒளித்துவைக்க வழியில்லை. நடுவை இழந்தால் வீட்டுக் கதவு திறந்து கிடக்கும். எனக்கு இந்த விதி பிடிக்கும். ஃபோர்மேனுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆட்களை வரிசையில் நிறுத்துவதற்கு இதென்ன பள்ளிக்கூடமா என்பார்.

ஊர் திரும்பிய பிறகும் ஆட்டம் பார்க்கிறேன். பெர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் ஒரே நேரம், அதுவும் ஒரு வசதி.

ஃபார்மர் 2019 ஆகஸ்டில் இறந்தார், பல ஆண்டு மறதி நோய்க்குப் பிறகு. அவருடைய மூளையை ஆய்வு செய்தவர்கள், திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற நோய் இருந்ததை 2020இல் அறிவித்தார்கள். இந்த ஆட்டத்தின் உயர்மட்ட லீக்கில் ஆடியவர்களில் அந்நோய் உறுதிசெய்யப்பட்ட முதல் ஆள் அவர். முழங்காலுக்கு வட்டம் போட்டவர்கள் தலைக்கு என்ன போடுவார்கள் என்று ஃபோர்மேனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஜீலாங் ஆட்டத்தின் பழைய துணுக்கு ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பினார். அதில் ஃபார்மர் எகிறுகிறார், எதிராளியின் தோள் அவர் இடுப்பில் இடிக்கிறது, பந்து ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது.